மழை வந்தால் பாத்ரூமில் சாக்கடை பொங்குவது ஏன்? ‘அழையா விருந்தாளி’ தண்ணீரை அளக்கும் கணக்கு

அக்டோபர் மாத மாலை. இரண்டு மணி நேரம் நல்ல மழை. வெள்ளம் என்று சொல்ல முடியாது, தெருவில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். ஆனால் தரைத்தள வீட்டின் பாத்ரூம் ஜல்லடை ‘குபுகுபு’வெனச் சத்தம் போட ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது. டாய்லெட்டில் ஒரு வாளி ஊற்றினால் இறங்க மாட்டேன் என்கிறது. ‘மேல்வீட்டுல யாரும் இன்னும் குளிக்கக்கூட இல்லையே, இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது?’ என்று வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்னையின் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது ஆண்டுதோறும் நடக்கிற கதை. ‘அடைப்பா இருக்கும்’ என்பது வழக்கமான பதில். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தொந்தரவும் தராத அதே குழாய், மழை நின்ற மறுநாளே மறுபடியும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், பிரச்சினை அடைப்பில் மட்டும் இல்லை. குழாய்க்குள் வரக்கூடாத தண்ணீர் வந்திருக்கிறது.

அந்தத் தண்ணீர் எவ்வளவு? எந்த வழியாக வந்தது? இதைக் கணக்கிடுவது பொறியியலில் ஒரு தனிப் பாடம். அந்தக் கணக்கைப் போடாமல் பெரிய குழாய், பெரிய பம்ப் என்று வாங்கிப் போட்டால், காசு போகும். சாக்கடை பொங்குவது நிற்காது.

இரண்டு குழாய், இரண்டு அலுவலகம்

நகரத்துக் கழிவுநீரைக் கொண்டுபோக உலகத்தில் இரண்டு முறைகள் உள்ளன. லண்டன் போன்ற பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. மழை அதிகமானால் இரண்டும் கலந்து தேம்ஸ் நதியில் வழியும். அதைத் தடுப்பதற்காகவே அங்கே நதியோரமாக 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ராட்சத சுரங்கம் கட்டினார்கள்.

சென்னையில் இருப்பது இரண்டாவது முறை. கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். பாதாள சாக்கடையைப் பார்த்துக்கொள்வது 1978-ல் உருவாக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் மட்டும் பாதாள சாக்கடையில் போகும் என்று நம்பித்தான் குழாயின் அளவை முடிவு செய்கிறார்கள்.

ஆனால் மழைக்கு எந்தத் துறையின் எல்லையும் தெரியாது. வழி கிடைத்த பக்கம் அது இறங்குகிறது.

உள்ளே வரும் இரண்டு வழிகள்

ஒன்று, கசிந்து வருவது. பாதாள சாக்கடைக் குழாய்கள் மண்ணுக்குள் பல அடி ஆழத்தில் கிடக்கின்றன. சென்னையின் பழைய பகுதிகளில் பாதாள சாக்கடை அமைப்பு 1910-களிலேயே தொடங்கிவிட்டது. சுட்ட களிமண் குழாய்கள், அவற்றுக்கு இடையே சிமென்ட் பூசிய இணைப்புகள், செங்கல்லில் கட்டிய மேன்ஹோல்கள். வயதாக ஆக, இணைப்புகள் விரிசல் விடும். மரத்தின் வேர் உள்ளே புகும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி, குழாயையே மூழ்கடிக்கும்போது, சுற்றியுள்ள தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே கசியும். இது மெதுவாக வரும். ஆனால் நாள் கணக்கில், வாரக் கணக்கில் நிற்காமல் வரும்.

இரண்டாவது, பாய்ந்து வருவது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயை வீட்டுச் சாக்கடை சேம்பரில் சொருகிவிடுவது. முற்றத்துத் தண்ணீர் சேம்பருக்குள் இறங்குவது. உடைந்த மேன்ஹோல் மூடி. ‘தெருத் தண்ணி வடியட்டும்’ என்று யாரோ கம்பியால் நெம்பித் திறந்துவிட்ட மூடி. இது மழை தொடங்கிய சில நிமிடங்களில் உள்ளே வரும். மழை நின்றதும் சீக்கிரமே அடங்கிவிடும்.

இரண்டும் அழையா விருந்தாளிகள்தான். ஆனால் வரும் வாசல் வேறு, வரும் நேரம் வேறு, வைத்தியமும் வேறு. அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம்

கணக்கு புரிய ஒரு கற்பனை வார்டு. 20 ஆயிரம் மக்கள், சுமார் 5 ஆயிரம் வீடுகள், 100 ஹெக்டேர் பரப்பு.

பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் சி.பி.எச்.இ.இ.ஓ. கையேடு சொல்லும் அளவு. கழிவுநீர்த் திட்டங்களுக்கு இந்தியப் பொறியாளர்கள் கையில் எடுக்கும் முதல் புத்தகம் அதுதான். பயன்படுத்தும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு நபருக்கு 108 லிட்டர். வார்டுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். சராசரியாக வினாடிக்கு 25 லிட்டர்.

ஆனால் எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் குளிப்பார்கள், துவைப்பார்கள். அந்த நெரிசலுக்காக, 20 ஆயிரம் பேர் வரையுள்ள பகுதிக்குச் சராசரியைப் போல் 3 மடங்கு ஓட்டத்தைத் தாங்கும்படி குழாய் போட வேண்டும் என்கிறது கையேடு. ஆக, நம்ம வார்டின் குழாய் வினாடிக்கு 75 லிட்டர் தாங்க வேண்டும். இந்த 75 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

முதல் படி: வெயில் காலத்தின் கையெழுத்து

வார்டின் கழிவுநீர் எல்லாம் கடைசியில் ஒரு பம்பிங் ஸ்டேஷனில் வந்து சேரும். அங்கே நல்ல ஓட்டமானி இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டாலும் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதும் பதிவேடு இருக்கும். அதுவே முதல் கணக்குக்குப் போதும்.

வினாடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்ப் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். ஏப்ரல் மாதத்தில், மழையே இல்லாத நாட்களில், அது தினமும் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 22 லட்சம் லிட்டர். மக்கள்தொகை வைத்துப் போட்ட கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இதுதான் அந்த வார்டின் உண்மையான கழிவுநீர்.

சென்னைக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. குடிநீர் வாரியம் கொடுக்கும் தண்ணீரை மட்டும் வைத்துக் கழிவுநீரைக் கணக்கிட முடியாது. வீட்டு போர்வெல் தண்ணீர், லாரித் தண்ணீர் எல்லாமே கடைசியில் அதே குழாயில்தான் போகிறது. அதனால் காகிதக் கணக்கைவிட வெயில் காலத்தில் நேரடியாக அளந்த எண்ணே நம்பகமானது.

இரண்டாவது படி: நள்ளிரவில் காது கொடுத்துக் கேட்பது

இப்போது டிசம்பர். நான்கு நாளாக மழை இல்லை. வெயில்கூட அடிக்கிறது. ஆனால் பம்ப் 16 மணி 40 நிமிடம் ஓடுகிறது. 30 லட்சம் லிட்டர். மக்கள் கூடவில்லை, குளிப்பதும் கூடவில்லை. அப்படியானால் மிச்சம் 8 லட்சம் லிட்டர் எங்கிருந்து வந்தது? நிலத்தடியிலிருந்து கசிந்தது.

இதை உறுதிப்படுத்த எளிய வழி, ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஓட்டத்தை அளப்பது. ஊரே தூங்கும் நேரம் அது. குழாயில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுத் தண்ணீராக இருக்க முடியாது. ஏப்ரல் நள்ளிரவில் வினாடிக்கு 5 லிட்டர் ஓடிய இடத்தில் டிசம்பர் நள்ளிரவில் 14 லிட்டர் ஓடுகிறது என்றால், கூடுதல் 9 லிட்டர். ஒரு நாளைக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 8 லட்சம் லிட்டர். இரண்டு கணக்கும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

ஆனால் நள்ளிரவுத் தண்ணீர் முழுவதையும் கசிவு என்று எழுதிவிடக் கூடாது. மருத்துவமனைகள், நைட் ஷிஃப்ட் அலுவலகங்கள், ஹோட்டல்கள், ஒழுகும் ஃப்ளஷ் டேங்குகள் எல்லாம் அந்த நேரத்திலும் தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் தெருக்களில் 4 மணிக்கே சம்பும் தொட்டியும் நிரம்பி வழியத் தொடங்கியிருக்கும். அதனால்தான் ஒரே ஒரு ராத்திரியை அளந்து முடிவு சொல்லாமல், வெயில் கால ராத்திரியையும் மழைக் கால ராத்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது படி: மழை நாளைக் கழிப்பது

அடுத்து ஒரு மழை நாள். ஆறு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை. பம்ப் 20 மணி நேரம் ஓடுகிறது: 36 லட்சம் லிட்டர். இதில் மழையில்லாத டிசம்பர் நாளின் 30 லட்சத்தைக் கழித்தால் மீதி 6 லட்சம். இது அந்த மழை கொண்டுவந்த தண்ணீர்.

100 ஹெக்டேர் பரப்பில் 60 மி.மீ. மழை என்றால் மொத்தம் 6 கோடி லிட்டர். அதில் 6 லட்சம் என்பது வெறும் 1 சதவீதம். பெய்த மழையில் சாக்கடைக்குள் புகுந்த பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் இந்த எண்ணைப் பொறியாளர்கள் ‘ஆர்’ என்று குறிக்கிறார்கள்.

‘ஆர்’ மட்டும் போதாது. மழை பெய்து எவ்வளவு நேரத்தில் ஓட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பது ‘டி’. உச்சத்திலிருந்து எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதைச் சொல்வது ‘கே’. மூன்றையும் சேர்த்து ஆர்.டி.கே. முறை என்பார்கள். வரைபடத்தில் மழைத் தண்ணீரின் மேட்டை மூன்று முக்கோணங்களாகப் பிரிக்கிறார்கள். சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும் ஒல்லி முக்கோணம் பெரிதாக இருந்தால், குற்றவாளி மொட்டைமாடிக் குழாயும் திறந்த மூடியும். மெதுவாக ஏறி நாள் கணக்கில் இழுத்துக்கொண்டே போகும் குட்டை முக்கோணம் பெரிதாக இருந்தால், குற்றவாளி விரிசல் விட்ட குழாய். நடுவில் இருப்பது இரண்டும் கலந்தது. தெருவைத் தோண்டுவதற்கு முன்னாலேயே, எங்கே தேட வேண்டும் என்று இந்த வரைபடம் சொல்லிவிடும்.

பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிப்பது போல

பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பது போல, சாக்கடையிலும் ஒரு சோதனை உண்டு. கழிவுநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு பி.ஓ.டி. வெயில் காலத்தில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் மாறவில்லை, அவர்கள் அனுப்பும் அழுக்கும் மாறவில்லை. 22 லட்சம் லிட்டரில் இருந்த அதே அழுக்கு 30 லட்சம் லிட்டரில் கரைந்தால், பி.ஓ.டி. சுமார் 183-க்கு இறங்கியிருக்க வேண்டும். ஆய்வகத்திலும் அதையொட்டிய எண் வந்தால், பம்ப் பதிவேடு பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். எண்கள் ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் ஒன்று தவறு. மறுபடியும் அளக்க வேண்டும்.

1 சதவீதம் என்றால் அலட்சியமா?

‘நூத்துல ஒரு பங்குதானே, அதுக்கா இவ்வளவு கூச்சல்?’ என்று தோன்றும். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 60 மி.மீ. மழை பெய்தால் சுமார் 5,500 லிட்டர் தண்ணீர். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் ஒரு நாளில் அனுப்பும் கழிவுநீர் 432 லிட்டர். அதாவது, ஒரு மாடி ஒரே மழையில் அந்தக் குடும்பத்தின் கிட்டத்தட்ட 13 நாள் கழிவுநீரை அனுப்பிவிடுகிறது. வார்டில் நுழைந்த 6 லட்சம் லிட்டருக்கு இப்படி 108 மாடிகள் போதும். 5 ஆயிரம் வீடுகளில் 108.

அந்த 60 மி.மீ. ஆறு மணி நேரத்தில் பெய்ததால் வார்டு தப்பித்தது. அதே மழை இரண்டு மணி நேரத்தில் கொட்டினால்? அந்த 108 மாடிகளிலிருந்து மட்டும் வினாடிக்கு 84 லிட்டர் வரும். குழாய் தாங்குவது 75. வீடுகளிலிருந்து ஒரு சொட்டு வராவிட்டாலும் குழாய் நிரம்பிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டடி அகலமுள்ள ஒரு மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டு, அதன் மேல் 10 செ.மீ. உயரத்துக்குத் தெருத் தண்ணீர் நின்றால், வினாடிக்குக் கிட்டத்தட்ட 100 லிட்டர் உள்ளே இறங்க முடியும். 20 ஆயிரம் பேருக்கான குழாயை நிரப்ப ஒரே ஒரு மூடி போதும். திறந்துவிட்டவர் தெருவில் தண்ணீர் வடிந்த மாதிரி தெரியும். அது எங்கும் மறைந்துவிடவில்லை. நான்கு தெரு தள்ளி, பள்ளத்தில் இருக்கும் வீட்டின் பாத்ரூம் வழியாக, சாக்கடையோடு சேர்ந்து வெளியே வருகிறது. கூடவே தெரு மணலும் பிளாஸ்டிக் கவரும் குழாய்க்குள் போய் அடுத்த அடைப்புக்கு அடித்தளம் போடுகின்றன.

புத்தகத்தைப் பார்த்து எழுதினால் போதாதா?

அளப்பது சிரமம், கையேட்டில் உள்ள எண்ணை எடுத்துப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நிலத்தடி நீர்க் கசிவுக்கு சி.பி.எச்.இ.இ.ஓ. கையேடு தரும் அளவு, ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 5 ஆயிரம் முதல் 50 ஆயிரம் லிட்டர் வரை. நம்ம வார்டுக்கு அது 5 லட்சம் முதல் 50 லட்சம் லிட்டர் வரை. பத்து மடங்கு இடைவெளி! கூடவே, வடிவமைப்பில் கசிவுக்காகச் சேர்ப்பது கழிவுநீரின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் 2013 கையேடு சொல்கிறது. அந்தக் கணக்கில் வார்டுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் லிட்டர்தான். உண்மையில் கசிந்ததோ 8 லட்சம்.

கையேட்டின் மேல் குற்றமில்லை. அது புதிதாகப் போடும் குழாய்க்கான விதி. ஐம்பது வருடமாக மண்ணுக்குள் கிடக்கும் குழாய் என்ன நிலையில் இருக்கிறது என்று எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது.

வெளிநாட்டு அளவுகோலைக் கடன் வாங்கலாமா? அமெரிக்காவில் 1972-ம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், குழாய்களில் அளவுக்கு மீறிய கசிவு இல்லை என்று காட்டினால்தான் புதிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு மத்திய அரசின் பணம் என்றது. அதற்காக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கோடு போட்டது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் மழையில்லாத நாட்களில் ஒரு நபருக்கு 120 கேலன், அதாவது சுமார் 454 லிட்டர் வரை ஏற்கலாம். மழை நாளில் 275 கேலன், சுமார் 1,040 லிட்டர் வரை ஏற்கலாம்.

இந்தக் கோட்டை நம்ம வார்டில் வைத்தால் என்ன ஆகும்? மழையில்லாத டிசம்பர் நாளில் ஒரு நபருக்கு 150 லிட்டர். மழை நாளில் 180 லிட்டர். இரண்டிலும் ‘பாஸ்’! ஆனால் குழாயோ நபருக்கு 108 லிட்டரை நம்பிப் போடப்பட்டது. அதிகத் தண்ணீர் செலவழிக்கும் ஊரின் அளவுகோல், குறைவாகச் செலவழிக்கும் ஊருக்குப் பொருந்தாது. அங்கேயும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆண்டுக்கு 23 ஆயிரம் முதல் 75 ஆயிரம் முறை வரை சாக்கடைகள் பொங்கி வழிவதாக அதே முகமை 2004-ல் மதிப்பிட்டது.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

மேலே சொன்ன கணக்குகள் எளிமையானவை. களத்தில் சில பொறிகள் காத்திருக்கின்றன.

பெரிய பொறி இதுதான்: சாக்கடை பொங்கி வழிந்த நாளில் அளவு குறைவாகவே தெரியும். தெருவிலும் வீட்டிலும் வழிந்த தண்ணீர் பம்பிங் ஸ்டேஷனுக்கு வந்து சேரவே இல்லை. மோசமான மழை நாளின் பதிவு ‘பரவாயில்லை’ என்பது போல் இருக்கும். அதனால் அந்த எண்ணைக் குறைந்தபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குழாய் நிரம்பாத நடுத்தர மழைகளே கணக்குக்கு ஏற்றவை.

இரண்டாவது, பம்பின் பெயர்ப்பலகையில் 50 லிட்டர் என்று இருந்தாலும், தேய்ந்த பம்ப் 40 லிட்டர்தான் இறைக்கலாம். உள்ளே வரும் ஓட்டத்தை அடைத்துவிட்டு, கிணற்றின் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

மூன்றாவது, மழைமானி. ஒரு பகுதியில் கொட்டும் மழை இன்னொரு பகுதியில் தூறல்கூடப் போடாமல் போவது சென்னையில் சாதாரணம். நுங்கம்பாக்கத்து மழை அளவை வைத்து வேளச்சேரியின் சாக்கடையைக் கணக்கிட்டால் ‘ஆர்’ தப்பாகத்தான் வரும். அளக்கும் வார்டிலேயே மழைமானி வேண்டும்.

இந்த எண் யாருக்கு முக்கியம்?

முதலில், வரி கட்டுபவருக்கு. மழைத் தண்ணீரும் நிலத்தடித் தண்ணீரும் சாக்கடைக்குள் வந்துவிட்டால், அதையும் பம்ப் போட்டு இறைத்து, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பி, மின்சாரம் செலவழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தமான தண்ணீரை அழுக்காக்கி, பிறகு காசு கொடுத்துச் சுத்தம் செய்யும் வேலை இது. ஓட்டம் அளவு மீறினால், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களே தொட்டியிலிருந்து அடித்துக்கொண்டு போகப்படும். சரியாகச் சுத்தமாகாத நீர் ஆற்றுக்குப் போகும்.

இரண்டாவது, கோடையில் தண்ணீருக்கு அலைபவருக்கு. 2003-ல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அரசு. மாடித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினால் நிலத்தடி நீர் ஏறும். அதே மண்ணில் விரிசல் விட்ட சாக்கடைக் குழாய் இருந்தால், சேமித்ததில் ஒரு பங்கை அது உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடும். கோடையில் நீர் மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கினால் கதை தலைகீழ். அதே விரிசல் வழியாகச் சாக்கடை வெளியே கசிந்து, போர்வெல் தண்ணீரோடு கலக்கும். டிசம்பரில் உள்ளே வரும் ஓட்டை, மே மாதத்தில் வெளியே விடும்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேலாக, குழிக்குள் இறங்கச் சொல்லி நிர்ப்பந்திக்கப்படும் தொழிலாளிக்கு. பாதுகாப்பு இல்லாமல் மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மழை நாளில் தெருவே சாக்கடையில் நிற்கும்போது, ‘யாரையாவது இறக்கி அடைப்பை எடுங்கப்பா’ என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். இல்லாத அடைப்பைத் தேடி ஒருவர் விஷவாயுவுக்குள் இறங்கும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பொங்குவது அடைப்பாலா, மழைத் தண்ணீராலா என்று முன்கூட்டியே தெரிந்த வார்டில் அந்த அவசரத்துக்கு இடம் குறைவு.

கண்டுபிடித்த பிறகு என்ன?

எண் கையில் வந்ததும் தேடல் தொடங்கும். குழாய்க்குள் தீங்கில்லாத புகையை ஊதினால், சாக்கடையோடு சேர்த்த மாடிக் குழாயின் வாயிலிருந்தும், மண்ணில் உள்ள ஓட்டையிலிருந்தும் புகை கிளம்பும். சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, அது எந்த மேன்ஹோலில் தலை காட்டுகிறது என்று பார்க்கலாம். சக்கரம் வைத்த கேமராவைக் குழாய்க்குள் அனுப்பி விரிசலைப் படம் பிடிக்கலாம். பாய்ந்து வரும் தண்ணீர்தான் அதிகம் என்றால், மாடிக் குழாய்களைப் பிரித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ வடிகாலுக்கோ திருப்புவது மலிவான தீர்வு. கசிவுதான் அதிகம் என்றால், பழைய குழாய்க்குள் புதிய உறை செலுத்துவது, இணைப்புகளை அடைப்பது என்று செலவு கூடும். எந்தத் தெருவில் தொடங்கினால் அதிக லிட்டர் மிச்சமாகும் என்று சொல்வதும் அதே கணக்குத்தான்.

வீட்டில் இருப்பவரும் இதில் ஒரு பங்கு செய்யலாம். மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேசரி பவுடர் கலந்த ஒரு வாளித் தண்ணீரை மொட்டைமாடிக் குழாயில் ஊற்றிவிட்டு, கீழே கழிவுநீர் சேம்பரின் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். அங்கே ஆரஞ்சு நிறத் தண்ணீர் வந்தால், வார்டின் அந்த 108 மாடிகளில் ஒன்று அதுதான். பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் குழாயைத் திருப்பிவிட்டால், அடுத்த மழையில் நான்கு தெரு தள்ளி இருக்கும் ஒரு பாத்ரூமுக்குப் போக 5,500 லிட்டர் குறையும்.